கைக்கு ஏற்ற பிடி

“மாஜி, பையன் விரல்ல பலம் பத்தல. நீங்க மேல கை வெச்சு அழுத்துங்க,” என்று ஹிந்தியில் சொன்னார் கடைக்காரர்.

கோமளா நாற்காலியை விட்டு எழவில்லை.

ஜண்டேவாலான் சைக்கிள் மார்க்கெட்டில், மாடியில் இருந்த சின்னக் கடை அது. ஸ்டாண்டில் ஏற்றிய மவுன்டன் பைக்கின் ஹேண்டில்பாரில், வெந்நீரில் போட்டு இளக்கிய கறுப்புப் பிடிகள் இரண்டை மாட்டியிருந்தார். சூடு ஆறுவதற்குள் ஓட்டுகிறவன் அவற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உள்ளங்கையின் மேடு பள்ளம், விரல்களின் இடைவெளி எல்லாம் அப்படியே பதிந்து கெட்டியாகிவிடும்.

அதற்கப்புறம் அந்தப் பிடி அந்தக் கைக்கு மட்டும்தான் சரியாக இருக்கும்.

கதிரவன் பிடித்துக்கொண்டுதான் நின்றான். ஆனால் அவன் விரல்கள் முக்கால்வாசிதான் மூடின. சாதாரணப் பிடி எதைப் போட்டாலும், பள்ளம் வந்தால் கை நழுவிவிடுகிறது. ஆரவல்லிப் பாறைகளில் மறுபடியும் ஏறி இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைத் தேடி வந்திருந்தான்.

“எனக்கு இதுக்கு மேல வராது. ப்ளீஸ், நீங்க பண்ணுங்க. ஜல்தி, ஆறிடும்,” என்றான்.

அவள் எழுந்து போனாள்.

முதலில் வலது கை. அதன்மேல் தன் கையை வைத்தாள். கதகதவென்று இருந்தது. பிடியின் சூடா, கையின் சூடா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு விரலாக மடக்கி அழுத்தினாள். சுண்டுவிரல் மட்டும் வெளிப்பக்கம் லேசாக வளைந்திருந்தது. ஒன்றாம் வகுப்பில் கதவிடுக்கில் நசுங்கியது. கட்டுப் பிரித்த அன்றைக்கே, இது இனி நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் அதை நேராக்கப் பார்க்கவில்லை. வளைந்தது வளைந்தபடியே இருக்க, அதற்குத் தகுந்த மாதிரி அழுத்தினாள்.

கட்டைவிரலுக்குக் கீழே மச்சம். பிரசவ வார்டில் நர்ஸ் முதலில் காட்டியதே அதைத்தான்.

பிறகு நகங்களைப் பார்த்தாள்.

ஒழுங்காக, சுத்தமாக வெட்டியிருந்தன. அந்த நகங்களுக்காக அவள் எத்தனை திட்டியிருப்பாள். வேப்பெண்ணெய்கூடத் தடவிப் பார்த்தாள். சதை தெரிகிற வரைக்கும் கடிக்கிற பழக்கம் காலேஜ் போன பிறகும் போகவில்லை. இப்போது ஒரு நகத்தில்கூடப் பல் பட்ட அடையாளம் இல்லை.

“வலிக்குதாப்பா?”

“இல்ல. சூடு தெரியுது. போன வருஷம் அதுகூடத் தெரியாது.”

வலது பிடியில் விரல்கள் பதிந்ததும் இடது கைக்குப் போனாள். கடைக்காரர் எட்டிப் பார்த்து, முழுக்கைச் சட்டையின் விளிம்பு பிடியில் ஒட்டிக்கொள்ளும், மேலே தள்ளிவிடுங்கள் என்றார். மே மாத வெயிலில் கதிரவன் ஒருத்தன்தான் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான்.

கோமளா பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டாள்.

முழங்கைக்குச் சற்றுக் கீழே, கையைச் சுற்றி வளையம் போட்டது போல ஒரு தழும்பு ஓடியது. தழும்புக்கு மேலே நல்ல கறுப்பு. கீழே மாநிறம்.

கடைக்காரர் தழும்பை ஒரு தடவை பார்த்தார். மின்விசிறியைப் பிடியின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோமளா கதிரவனை முதல்முதலாகப் பார்த்தது அன்று காலையில்தான்.

மயூர் விஹாரில் மொட்டை மாடியில் இரும்புக் குழாயைத் தூக்கும்போது, அது மின்கம்பியில் பட்டு இரண்டு கைகளும் கருகிப்போனவன் அவன். கோமளாவின் ஒரே மகன் ப்ரசன்னா, கோல் மார்க்கெட் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது அடிபட்டவன். மூளைச்சாவு என்று சொன்ன பிறகு, கண்ணையும் கிட்னியையும் கேட்டார் டாக்டர். கடைசியில் தயங்கித் தயங்கிக் கைகளையும் கேட்டார். அவள்தான் சரி என்றாள். கைகளைக் கொடுத்ததைப் பற்றி அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்தக் கைகளை யாருக்கு வைத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. கதிரவன்தான் பழைய செய்தித்தாள்களைப் பார்த்து, விசாரித்து, போன வாரம் போன் செய்தான். பார்க்க வேண்டும் என்றான். வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சைக்கிள் கடைக்குப் போகிறேன், அங்கே வர முடியுமா என்று கேட்டான். தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்தாள். தொடுவதாகவே இல்லை.

இடது பிடியும் இறுகிவிட்டது. கடைக்காரர் உள்ளேயிருந்து, போதும், எடுத்துவிடலாம் என்றார்.

அவள் எடுக்கவில்லை. கதிரவனும் அசையவில்லை.

அவளைப் பார்க்காமல், ஹேண்டில்பாரைப் பார்த்தபடியே கேட்டான்.

“ஆன்ட்டி, ப்ரசன்னா நல்லா சைக்கிள் ஓட்டுவானா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு, மடங்கியிருந்த விரல்களின் மேல் ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

“அவனுக்கு ஓட்டத் தெரியாதுப்பா. ரொம்ப பயப்படுவான். மெதுவாச் சொல்லிக் குடு.”