ஏழு மணி அக்காவின் இருமல்

"நீங்க இருமினதாலதான் அக்கா, எங்க குடும்பமே இன்னைக்கு உசுரோட இருக்கு."

சொன்ன வேகத்தில் தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். ரேடியோவில் கேட்ட குரலுக்கு ஒரு முகம் இருப்பது அவளுக்கு இன்னும் பழகவில்லை. எதிரே இருந்தவருக்கு எழுபது தாண்டியிருந்தது. ஒரு காலத்தில் தினமும் காலைச் செய்தி வாசித்தவர். குழந்தைகளுக்கெல்லாம் அவர் ‘ஏழு மணி அக்கா’.

"நான் இருமினேனா?"

"ஆட்சி கவிழ்ந்த அந்த வாரம் அக்கா. பத்திரிகையெல்லாம் இழுத்து மூடிட்டாங்க. மிச்சம் இருந்தது உங்க செய்தி ஒண்ணுதான். அதுவும் பட்டாளத்துக்காரங்க எழுதிக் குடுத்தது. ஆனா பொய் வந்தா நீங்க ஒரு இருமல் இருமுவீங்க. எங்கப்பாதான் முதல்ல கண்டுபிடிச்சார்."

பேசப் பேச அவளுக்குக் கூச்சம் விட்டுப்போனது. ரேடியோவைச் சுற்றி வீட்டில் ஆறு பேர். அப்பா ஒரு விரலைத் தூக்கிப் பிடித்திருப்பார். ‘நகரில் அமைதி நிலவுகிறது.’ இருமல். விரல் மடங்கும். "அமைதி பொய். எழுதிக்கோ." சிலேட்டில் எழுதுவது அவள் வேலை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"தெரு முழுக்க இதே பேச்சுதான். கடைக்காரர் ‘இன்னைக்கு வந்த சரக்கு’ன்னா, வரிசையில நிக்கிறவங்க மொத்தமா இருமுவாங்க. அப்பா லேட்டா வந்து சாக்குச் சொன்னா, அம்மா அடுப்படியில இருந்தே இருமுவா."

ஏழு மணி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "பொல்லாத ஆளுங்களா இருந்திருக்கீங்களே."

"வெளியில ஒரே பயம். ஆனா எல்லாரும் ஒண்ணா உக்காந்து அப்படிச் சிரிச்ச நாள் அப்புறம் வரவே இல்ல அக்கா."

தையல்காரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆறாம் நாள், ‘பெரிய பாலம் திறக்கப்பட்டது, மக்கள் அச்சமின்றிச் செல்லலாம்’னு வாசிச்சீங்க. அக்கரையில மாமா வீட்டுக்குப் போக நாங்க மூட்டை கட்டித் தயாரா இருந்தோம். நீங்க இருமினீங்க. ஒண்ணு இல்ல, மூணு இருமல். அப்பா மூட்டையைப் பிரிக்கச் சொல்லிட்டார். அன்னைக்குப் பாலத்துல ஏறினவங்க ஒருத்தர்கூட உசுரோட திரும்பல..."

"தெரியும்மா."

தையல்காரி பையிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்தாள். வானொலி நிலையத்தில் பழைய செய்தி வாசிப்பாளர்களின் படங்களை மாட்டப் போகிறார்கள். இவர் படம் மட்டும் வேண்டாமாம். பட்டாளத்துக்குக் கிளிப்பிள்ளையாக இருந்தவராம். நாற்பது வருஷமாக ஊரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

"இருநூத்திப் பதினாலு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். எல்லாரும் அந்த இருமலைக் கேட்டவங்க. ‘ஆமா, வேணும்னேதான் இருமினேன்’னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நாளைக்கே படம் சுவத்துல ஏறிடும். உங்களைத் திட்டினவங்க வாயடைச்சுப் போகணும்."

ஏழு மணி அக்கா தாள்களை ஒவ்வொன்றாகப் படித்து நகர்த்தி வைத்தார். ஒரு சலசலப்பு இல்லை. தாள் சத்தம் மைக்கில் கேட்டுவிடக் கூடாது என்ற பழைய பழக்கம்.

"முதல் கையெழுத்து யாரோடது?"

"அப்பா. இந்த மனுவை ஆரம்பிச்சதே அவர்தான். போன வருஷம் தவறிட்டார். கடைசி வரைக்கும், உங்க பேரைச் சொன்னாப் படுக்கையில எழுந்து உக்காருவார்."

ஏழு மணி அக்கா பேனாவைத் திறந்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு மூடி, தாள்கட்டின் மேல் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"அந்த வாரம் எனக்கு நெஞ்சுச் சளிம்மா. எழுதிக் குடுத்தது அத்தனையும் நிஜம்னு நம்பித்தான் வாசிச்சேன்."

தையல்காரி தாள்கட்டின் மேல் கையை வைத்தாள். "பாலம்கூடவா அக்கா?"

"பாலமும்தான். வாசிச்சு முடிச்ச கையோட என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, ‘சுத்திக்கிட்டு வராதீங்க, பாலத்து வழியாவே வந்துடுங்க’ன்னு சொன்னேன்."