எட்டாம் எண்ணில் பாசம்

கணவனின் மகள் நிறைமதி இரண்டு வருடமாக வினோதாவைக் கடித்தாள், கிள்ளினாள், தட்டை வீசினாள். காதுக்குப் பின்னால் மின்னணுச் சில்லு பொருத்தி வந்த அன்று ஓடிவந்து கட்டிக்கொண்டு, "உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்மா" என்றாள்.

வினோதாவின் கண் கலங்கியது. கணவன் செந்தூரன் சிரித்தபடி கைபேசியைக் காட்டினான். "பாசத்தை எட்டுல வச்சிருக்கேன். பத்தாக்கட்டுமா?"

பெற்ற பிள்ளையை மின்விசிறிக் குமிழைப் போலத் திருகுகிறானே! வினோதா கைபேசியைப் பிடுங்கிப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். இடுப்பைச் சுற்றியிருந்த சின்னக் கைகள் சட்டென விலகின. நிறைமதி அவள் முகத்தில் காறித் துப்பினாள். "நீ எங்கம்மா இல்ல!"

"ஆமாடி, இல்லதான். உனக்கா தோணுறப்போ அம்மான்னு கூப்பிடு" என்று வினோதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எச்சில் அவளுக்கு அருவருப்பாக இல்லை. "சரி, விடு" என்று கணவன் அவள் தோளைத் தொட்டபோதுதான் உடம்பெல்லாம் கூசியது.