எழும்பிப் பார்த்த பலகை

மலையூர் ஒன்றில் பிள்ளைகள் பந்து விளையாட ஒரு கூடம் கட்டினார்கள். குளிர் தெரியாமலிருக்கத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடியது. அந்தச் சூட்டுக்கு எந்தப் பலகை தாங்கும் என்று பார்க்க, ஆசாரி இரண்டைத் தரையில் கிடத்திப் பத்து நாள் விட்டுவைத்தார். ஒன்று, ஒரே மரத்தில் அறுத்த தைலமரப் பலகை. மற்றது, ஐந்து மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை.

தைலமரத்துக்கு ஒரே ஆசைதான். பிள்ளைகளின் வெறுங்கால் தன்மேல் குதிக்க வேண்டும். வெளியே அவர்கள் சத்தம் கேட்டாலே அதற்கு இருப்புக் கொள்ளாது.

"அக்கா, அசையாம கிட. சூட்டுல வளைஞ்சு எழும்பினா ஆசாரி வெளிய தள்ளிடுவார்" என்றது ஒட்டுப்பலகை.

"உனக்கென்னடி, கல்லு மாதிரி கிடக்கிற! சூடு ஏற ஏற, அவங்க பக்கத்துல வந்துட்ட மாதிரியே இருக்கு எனக்கு."

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது தைலமரம். பத்தாம் நாள் கதவு திறந்து பிள்ளைகள் ஓடிவரவும், அந்தக் கால்களை எட்டித் தொட ஓரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தூக்கிவிட்டது. முன்னால் வந்த சிறுமி தடுக்கி விழுந்தாள்.

"இது ஆகாது" என்று ஆசாரி அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார்.

ஒட்டுப்பலகையின் மேல் பிள்ளைகள் ஏறிக் குதித்தார்கள்.

"உனக்கு ஆசையே இல்லையாடி?" என்று கேட்டது தைலமரம்.

"ஏன் இல்லாம? நானும் எழும்பத்தான் பார்க்கிறேன். நாங்க அஞ்சு பேராச்சே அக்கா. ஒருத்தி தலை தூக்கினா, குறுக்க கிடக்கிறவ அமுக்கிடறா. நீயாவது ஒரு தரம் எட்டித் தொட்டுட்ட. எப்படி இருந்துச்சு, சொல்லேன்."