தகடு நுழையும் இடம்

உலகில் இதுவரை பழுதான என்ஜின்கள் அத்தனையும் அளந்து பார்த்தவர்களால்தான் பழுதாயின என்று எங்கள் கல்லூரிப் பந்தயக் கார் அணித் தலைவன் இளவேந்தன் அறிவித்தான். மாலையில் வண்டி ஓட வேண்டும். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பக்கவாட்டு இடைவெளி குறைந்தால் என்ஜின் இறுகிவிடும், போட்டியும் போய்விடும். அணியில் அளவெடுக்கும் ஜெரினா மூச்சை அடக்கி, அந்த இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைச் செருகினாள். நுழைந்தது.

“ஏன் தாயி, பிரசவமா பாக்குற? கையால ஆட்டுனாலே தெரியும்ல?” என்று இளவேந்தன் ராடை ஆட்டிக் காட்டினான்.

அதே தகட்டை மறுபடி செருகினாள். நுழையவில்லை.

“இப்பதானடா போச்சு! என்ன பண்ணித் தொலைச்ச?”

“ஆட்டத்தான செஞ்சேன்!”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீ குடிக்கப் போனோம். இளவேந்தன் மட்டும் வரவில்லை. திரும்பியபோது, ஆட்டியதில் இரு பக்கமும் பாதியாகப் பிரிந்துபோன இடைவெளி ஒரே பக்கம் சேரும்படி ராடை ஒரு விரலால் ஓரமாக ஒதுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, கன்னம் உப்ப, தகட்டைச் செருகிக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றோம். எங்களுக்கும் மூச்சு வரவில்லை.