சிவப்பைக் கண்டால்

சின்னையா அவனைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்றும் வேலாயுதம் அதே கேள்வியைத்தான் கேட்டான்.

"கிராணி ஐயா, எதிர்ல ஒரு லாஞ்சு வருது. அதோட சிவப்பு விளக்கு நம்ம இடது பக்கமா தெரியுது. நாம நிக்கணுமா, போகணுமா?"

சின்னையாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை. ஒன்பதாவது தடவை.

வகுப்பு எடுத்த குமாஸ்தா, கிராணி சிவசம்பு, இங்கிலீஷ் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன் காணும்! எல்லாப் படகுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அவன்ரை சிவப்பும் உம்மடை சிவப்பும் ஒண்டை ஒண்டு பாத்தால் பயமில்லை. நேரே போம்! இது கடல், ரயில் இல்லை!"

"சரிங்கய்யா."

மலாயாவின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மீட்புப் படகுக்கென்று சேர்ந்த தொண்டர்கள் மொத்தம் ஆறு பேர். முந்தின வருஷம் ஆற்றுவாயில் ஒரு சம்பான் படகு கவிழ்ந்தபோது, ஓடிப்போய்த் தூக்க ஒரு படகு இல்லை. செத்த எட்டுப் பேரில் சின்னையாவின் தம்பியும் ஒருவன்.

"படகு தருகிறேன். ஆனால் அத்தனை பேரும் கடல் விதிகளில் தேற வேண்டும். ஒருவன் தவறினாலும் கிடையாது" என்று துறைமுகத்துத் துரை சொல்லிவிட்டார்.

அதற்குத்தான் இந்த வகுப்பு. பரீட்சைக்கு இன்னும் ஆறே நாள்.

சின்னையா கிள்ளான் ரயில் ஸ்டேஷனில் பதினாறு வருஷமாகத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். தம்பியைப் பறிகொடுத்தவர் என்று சுக்கானை அவரிடமே விட்டிருந்தார்கள். கிராணி சொல்லச் சொல்லத் தலையாட்டுவார். சந்தேகம் கேட்பது அவருக்குப் பழக்கமில்லை.

வேலாயுதம் நிலக்கரிக் கொட்டகையில் கூடை தூக்குகிறவன். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பான்.

இவன் லட்சணம் முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது என்று சின்னையா நினைத்துக்கொண்டார். இரவல் வாங்கிய மோட்டார் படகில், பொழுது சாயும் நேரம் போயிருந்தார்கள். எதிரே சிவப்பு விளக்கோடு ஒரு லாஞ்சு வந்தது. "நிறுத்து! நிறுத்து!" என்று சின்னையா கத்த, எஞ்சின் நின்றது. நின்ற படகை நீரோட்டம் குறுக்கே திருப்பிவிட்டது. லாஞ்சுக்காரன் சங்கை அலறவிட்டான். அந்த நேரம் பார்த்து இந்த வேலாயுதம் கால் இடறிச் சுக்கான்மேல் விழுந்தான். படகு எப்படியோ விலகியது. லாஞ்சு ஒரு சாண் தள்ளிப் போனது.

"சுக்கான் மேலயா வந்து விழுவே, தடியா!"

"கால் சரியில்லண்ணே."

"தண்ணி இழுத்துடுச்சு" என்றார் சின்னையா, பொதுவாக எல்லாரையும் பார்த்து.

"ஆமாண்ணே, தண்ணி இழுப்புத்தான்" என்றான் வேலாயுதம்.

அடுத்த ஞாயிறு இந்தக் கேள்வி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம்கூட ஓயவில்லை.

அந்த ஒன்பதாவது ஞாயிறு வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் சின்னையா அவனை மடக்கினார்.

"ஏம்ப்பா, உன் மண்டையில நிலக்கரியா இருக்கு? உன்னாலதான் படகு கை நழுவிப் போகப் போகுது. பேசாம நின்னுக்க லா. வேற ஆள் பாத்துக்கறோம்."

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்களே ஒருவாட்டி சொல்லிடுங்க. சிவப்புத் தெரிஞ்சா?"

"போகணும்டா! சிவப்புக்குச் சிவப்பு, நேரே போய்க்கிட்டே இருக்கணும்! நின்னா குறுக்கே மாட்டிக்கிட்டு எல்லாரும் சாக வேண்டியதுதான்!"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலாயுதம் சிரித்தான்.

"அப்ப சரிண்ணே. இனிமே கேக்க மாட்டேன்."

காலை இழுத்துக்கொண்டு போனான்.

புதன்கிழமை காய்ச்சல் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஆள் இல்லை.

சனிக்கிழமை பரீட்சை. ஐந்து பேர் போதும் என்று துரை சம்மதித்தார். மேசைமேல் இரண்டு மரப்படகுகளை எதிரெதிரே வைத்து, முதலில் சின்னையாவைக் கூப்பிட்டார். சிவசம்பு தமிழில் சொன்னார்.

"அவன்ரை சிவப்பு உம்மடை இடப்பக்கம் தெரியுது. என்ன செய்வீர்?"

சின்னையாவின் கை, ரயிலை நிறுத்துகிற மாதிரி, தானாக மேலே எழுந்தது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"போகணும் துரை. நேரே போகணும்."

படகு கிடைத்தது.

வேலாயுதம் நல்லவன்தான், ஆனால் அவன் இருந்திருந்தால் கிடைத்திருக்காது. அப்படி நினைத்ததற்குச் சின்னையா கொஞ்சம் வெட்கப்பட்டார். சிவசம்புவையும் அழைத்துக்கொண்டு வேலாயுதம் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார்.

அவன் மனைவி பவுனம்மாள் தகரப் பெட்டியைத் திறந்து, மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

"இங்கிலீசுல இருக்கு. இத வச்சிருக்கணுமா, வேணாமான்னு பாத்துச் சொல்லுங்கய்யா."

சிவசம்பு வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் வாசித்தார்.

"இது சுக்கானிச் சர்டிபிகேட் எல்லோ! பதினொரு வருஷம் நீராவிக் கப்பலிலை சுக்கான் பிடிச்சிருக்கிறான்."

"ஆமாங்க. கால் போறதுக்கு முன்னாடி" என்றாள் பவுனம்மாள்.

சிவசம்புவுக்கு எரிச்சல்தான் வந்தது.

"பிறகு ஏன் கிழமைக்குக் கிழமை ரயில்காரன் மாதிரிக் கேட்டு என்ரை உயிரை எடுத்தவன்?"

சின்னையா இந்தத் தடவை தலையாட்டவில்லை.

அந்த ஆறு பேரில் ரயிலில் வேலை பார்த்தவர் சின்னையா ஒருவர்தான்.