போயிட்டு வா

1998 கோடையில், கோயம்புத்தூர் மருத்துவ மாணவி சண்முகப்ரியா டெக்சஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கணையப் புற்றுநோய்ச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் அப்பாவுக்கும் அதே புற்றுநோய்தான்.

வேலை முடிந்த குடுவையில் ப்ளீச் ஊற்றி, செல்களைக் கொன்று, குப்பையில் போடவேண்டும். முதல் நாள் போடும்போது, வீட்டில் யாரையும் வழியனுப்பும் பழக்கத்தில், "போயிட்டு வா" என்றாள்.

காலையில் அந்தக் குடுவை, செல் வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியின் உடல்சூட்டில் திரும்பவும் இருந்தது. ப்ளீச் வாடை போகவில்லை. செல்கள் உயிரோடிருந்தன.

"ப்ளீச் பண்ண மறந்துட்டியா?" என்றார் உடன் வேலை செய்யும் பசுபதி.

மறுபடி ஊற்றினாள், அதையே சொன்னாள். மறுபடி வந்தது. எதுவும் சொல்லாமல் போட்ட குடுவை வரவில்லை.

ஜூலையில் தம்பி போன் செய்தான். அப்பா இறந்துவிட்டார். அவள் போய்ச் சேர்வதற்குள் எரித்துவிடுவார்கள்.

"போனை அப்பா காதுல வைடா."

"எதுக்குக்கா?"

"வைடா!"

சாவு வீட்டில் யாரும் சொல்லக்கூடாததைச் சொன்னாள்.

மறுநாள் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, நேத்தே எரிச்சுட்டோம். இப்ப அப்பா கட்டில் சூடா இருக்கு. புகை வாடை அடிக்குது. நீ அவர்கிட்ட என்னக்கா சொன்னே?"