சன்னலில் தொங்கிய துணிகள்

துணியின் மயில்கழுத்து நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்பதுதான் வழக்கே. சாயத்தை வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்றார் சாயப்பட்டறைக்காரர் குழந்தைவேலு. துணியை ஏற்க மறுத்த ஏற்றுமதிக்காரர் ஜோசப்ராஜ் அதற்கு மட்டும் தலையாட்டினார். எதிராளியிடம் ஒப்படைக்க இருவருக்கும் நம்பிக்கை இல்லை. அதனால் மாதிரியும் துணியும் மத்தியஸ்தரான என் அறைச் சன்னலிலேயே தொங்கின. வக்கீல்கள் வாய்தா மேல் வாய்தா வாங்கினார்கள். இன்று இருவரையும் வரவழைத்து, தீர்ப்பெழுத உட்காரும் முன் கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டும் ஒரே பழுப்பாக வெளுத்துப்போயிருந்தன.

"இப்ப இதுல வித்தியாசம் எங்கய்யா இருக்கு?" என்றேன்.

"இதைத்தானுங்க நான் மொதல்லயிருந்து தலைபாடா அடிச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் குழந்தைவேலு.

ஜோசப்ராஜ் எழுந்து போய்ச் சன்னல் திரையை இழுத்து மூடினார்.